ஒன்று இரண்டு நான்கு ஐந்து மூன்று

இப்படித்தான் எரியும் என் கிழட்டு ஆடி.
ஐந்து சிலிண்டர்,
மூன்றுக்கு எப்போதும் கடைசி முறை.
மீட்டர் நான்கு லட்சத்து முப்பத்தேழாயிரத்தில் நின்றுபோய்
இரண்டு குளிர்காலம் ஆகிறது.
அப்புறம் ஓடியதெல்லாம்
யார் கணக்கிலும் ஏறாத தூரம்.

டோலோன் கணவாய்க்குக் கீழே
சாரி-புலாக்கின் கடைசி விளக்கும் பின்னால் போனபிறகு
வண்டிக்கு விக்கல் எடுத்தது.
நாலு நல்ல மூச்சு, ஒரு விழுங்கல்.
நாலு மூச்சு, விழுங்கல்.

பின்சீட்டு மூவரும்
பின்னால் வந்த ஹோண்டாவை நிறுத்தி ஏறிக்கொண்டார்கள்.
காசை எண்ணிக் கொடுத்தேன்.
வாங்கி, அவர்களும் ஒருமுறை எண்ணினார்கள்.

முன்சீட்டுக்காரர் போகவில்லை.
சிர்காக், கால்நடை மருத்துவர்.
மடியில் ஐஸ் பெட்டி,
அறுநூறு ஆடுகளுக்கான தடுப்பூசி.
ஹோண்டாவில் பெட்டிக்கு இடமில்லையாம்.
“விடியும்வரை ஐஸ் தாங்கும்” என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

கொச்கோர் மெக்கானிக் தாலாய்
போன மாதமே பிளக்கெல்லாம் மாற்றினான்,
பெட்ரோல் ஃபில்டர் மாற்றினான்,
ஏதோ ஒரு சென்சாரைக் கழற்றி ஊதி
அதே இடத்தில் மாட்டி அதற்கும் காசு வாங்கினான்.
கடைசியில்,
“வயசாயிடுச்சு, கனிஷாய் அக்கா. வித்துடுங்க.”
யாருக்கு வயசு என்று சொல்லவில்லை.

பானெட்டைத் தூக்கினேன்.
ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகி எடுத்தேன்.
இன்ஜின் தள்ளாடியது. நல்லது.
இந்த வம்சத்து வண்டிகள்
மூடி திறந்தும் தள்ளாடாவிட்டால்தான் பயம்;
வேறெங்கோ ஒரு காற்றுத் திருடன்
ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அடுத்தது ஒயர்கள்.
மருத்துவர் ஒரு கையுறை கொடுத்தார்,
தோள்வரை நீளும், தடித்த ரப்பர்,
மாட்டுக்குக் கன்று எடுக்கப் போடுவது.
ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மாட்டி, பிடுங்கி.

ஒன்று: குரல் இறங்கியது.
இரண்டு: இறங்கியது.
நான்கு: அணையப் பார்த்தது.
ஐந்து: இறங்கியது.
மூன்று:

ஒரு மாற்றமும் கிடையாது.

எதை எடுத்தாலும் தெரியவில்லையோ
அதுதான் நோயாளி.
இந்த விதியை மனிதர்கள்மேல் போட்டுப் பார்க்கக் கூடாது.
வாரத்தில் ஐந்து ராத்திரி ரோட்டில் இருப்பவள் நான்.
வீட்டில் எந்தக் குரலாவது
இறங்குகிறதா என்று
போன் போட்டுக் கேட்டதில்லை.

மூன்றின் பிளக்கை நான்கில் போட்டேன், நான்கினதை மூன்றில்.
விக்கல் கூடவே நகரவில்லை, மூன்றிலேயே உட்கார்ந்திருந்தது.
“டார்ச்சை அணைங்க” என்றேன்.
குதிரைக்குப் போடும் சிரிஞ்சில் தண்ணீர் இழுத்து
சாரலாய்ப் பீய்ச்சினார் மருத்துவர்.

இருட்டு.
பிறகு, மூன்றாவது ஒயரின் இடுப்பில்
ஒரு நீல நூல்
துள்ளி இரும்பில் விழுந்தது.
டிக். டிக். டிக்.
உள்ளே போய் எரியவேண்டிய நெருப்பு
பாதி வழியில் இறங்கிக்கொண்டிருந்தது,
அந்த மூன்று பேரைப் போல.

தாலாய் பகலில் மட்டும்தான் கடை திறப்பான்.

டாக்டர் பையிலிருந்து
குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒரு முழம் வந்தது.
நீளவாக்கில் கீறி
ஒயருக்குச் சட்டை மாட்டினார்.
இரண்டு முனையிலும் பிளாஸ்டர்.
எத்தனை வயிறு தைத்த விரல்களோ,
அவற்றுக்குக் குளிர் தெரியவில்லை.
இரும்பை உரசாமல் நான் தள்ளிக் கட்டினேன்.

சாவி.

ஒன்று இரண்டு நான்கு ஐந்து மூன்று
ஒன்று இரண்டு நான்கு ஐந்து
மூன்று.

கணவாய் உச்சியில், இரண்டாம் கியரில்,
பெட்டியைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார்.
ஐஸ் இன்னும் கடகடத்தது.
வாடகை கொடுத்தார்.
குழாய்க்கு நான் கொடுக்கப்போனதை வாங்கவில்லை,
பில் போட வகையில்லையாம்.

புது ஒயர் வாங்கிவிட்டேன்.
டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது, காகிதம்கூடப் பிரிக்கவில்லை.
குழாய் மஞ்சளாகிவிட்டது. ஓடுகிறது.

இப்போது இடது முன்சக்கரத்தில் ஒரு முனகல்.
வளைவில் மட்டும்,
அதுவும் வலப்பக்கம் ஒடிக்கும்போது மட்டும்.
நாரின் போய்ச் சேரும்வரை
எனக்கு அது கேட்கவில்லை.